கரையில் முளைத்தவர்

மதகுக்காரர் இறந்துபோன ஒன்பதாவது வாரம், மண் அணையின் கரைமேல் அவர் வழக்கமாக உட்கார்ந்து டீ குடிக்கும் இடத்தில், மரமாக முளைத்தார். அன்று செவ்வாய்க்கிழமை. நீர்மட்டம் ஆறு அடி, காற்று இல்லை, கசிவு தெளிவு என்று அன்றைய பதிவேட்டில் இருக்கிறது. முளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிவேட்டை எழுதியவள் அவருடைய மனைவி. எழுதாமல் விட்டதும் அவளேதான்.

சுண்டுவிரல் உயரம், இரண்டே இலை. அவள் குனிந்து அதைப் பிடுங்கப் போனபோது அது இருமியது. முதலில் சின்னதாக ஒன்று, அப்புறம் நீளமாக ஒன்று, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் ஒரு பெண்ணுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்ன? அவள் கையை இழுத்துக்கொண்டாள். "வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலையைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனாள்.

அவளுடைய வேலை என்ன என்று சொன்னால்தான் அவள் செய்த தப்பு எவ்வளவு பெரியது என்று புரியும். அது பெரிய அணை இல்லை. சிமெண்டும் கிடையாது. நடுவில் களிமண்ணை வைத்து இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டி, இடித்து இறுக்கி, மேலே புல் வளர்த்த ஒரு நீள மேடு, அவ்வளவுதான். இருபத்திரண்டு அடி உயரம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். விளக்கு எரியவோ குடத்தை நிரப்பவோ கட்டியது அல்ல. மலையிலிருந்து ஒரே மூச்சில் இறங்கி வரும் வெள்ளத்தைப் பிடித்து வைத்து, ஆறு தாங்கும் அளவுக்கு மதகு வழியாக மெல்ல மெல்ல விடுவதற்காகக் கட்டியது. அதனால் வருஷத்தில் பத்து மாதம் அது பாதிக்கும் மேல் காலியாகவே கிடக்கும், கிடக்கவும் வேண்டும். இது அணைக்குக் கீழே குடியிருந்த கீழ்த்தெருக்காரர்களுக்கு என்றைக்குமே பிடிபடவில்லை. காலிப் பானைக்கு எதுக்கய்யா புருஷனும் பொண்டாட்டியுமா ரெண்டு காவல் என்று சவரக்கடைக்காரர் கேட்பார். "பானை காலியா இருந்தாத்தான்யா எதையாவது ஊத்த முடியும், ஒழுங்கா மீசையை வெட்டு" என்பார் மதகுக்காரர். அவர் வேலை மதகுக் கதவைத் திறப்பதும் மூடுவதும். அந்தக் கதவின் சங்கிலியில்தான் இடது காலின் சுண்டுவிரலைக் கொடுத்தார். அதன்பிறகு ஈரமண்ணில் அவர் நடந்த தடத்தைப் பார்த்தாலே ஊருக்கு ஆள் யாரென்று தெரியும்.

அவள் வேலை அளவெடுப்பது. ஊரே அவளை அளவுக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், மனுஷனுக்கு வியர்க்கிற மாதிரி. கரையின் அடிவாரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதன் வாயில் நடுவில் வெட்டு விட்ட ஒரு தகரம். தினமும் காலையில் அந்தத் தகரத்தின் வழியாக எவ்வளவு கசிவு வருகிறது என்று அளந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். தண்ணீர் தெளிவாக இருந்தால் கரை சுகமாக இருக்கிறது. கலங்கியிருந்தால் உள்ளே எங்கேயோ தண்ணீர் வழி கண்டுபிடித்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். எலி வளை, நண்டு வளை எதுவும் அந்த வழியைக் கொடுத்துவிடும். எல்லாவற்றிலும் மோசம் மரத்தின் வேர். அது தண்ணீரைத் தேடி உள்ளே போகும், அது போன வழியிலேயே தண்ணீர் திரும்பி வரும். அதனால் கரைமேல் மரம் கூடாது என்பது முதல் சட்டம். வாழ்நாளெல்லாம் மதகுக்காரர் பிடுங்கி எறிந்த முளைகளை நட்டிருந்தால் ஒரு காடே ஆகியிருக்கும். அப்படிப்பட்ட ஆள் அதே கரையில் போய் முளைத்தார் என்றால், சாவு மனுஷனை எப்படியெல்லாம் மாற்றிவிடுகிறது பாருங்கள்.

அணைக்கும் கீழ்த்தெருவுக்கும் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் இருந்தது. நீர்மட்டம் எட்டடியைத் தாண்டினால் கீழ்த்தெருக்காரர்களுக்கு மதியத் தூக்கத்தில் தண்ணீர்க் கனவு வரும். எட்டடியில் வெறும் சலசலப்பு. பத்தடியில் மீன்கள். பன்னிரண்டில் தெருவே தண்ணீருக்கடியில் இருக்கும், யாரும் நனைய மாட்டார்கள், சைக்கிள்கள் மெதுவாக மிதந்து போகும், பேசினால் வார்த்தை குமிழியாக மேலே ஏறும். சவரக்கடைக்காரர் ஒருமுறை ஒரு பெரிய கெளுத்திக்கு மீசை மழித்துவிட்டதாகச் சொன்னார். மூடுபனியில் அளவுகோல் தெரியாத நாட்களில் மதகுக்காரர் கீழே இறங்கிப் போய், தூங்கி எழுந்தவர்களைக் கேட்டுவிட்டு வந்து மட்டத்தை எழுதுவார். அரை அடிக்கு மேல் தப்பியதே இல்லை.

மரம் வளர்ந்தது. என்ன ஜாதி மரம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதல் வருஷம் இடுப்பு உயரம், மூன்றாம் வருஷம் ஆள் உயரம். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அதன் நிழல் அளவுக்காரி இருக்கும் பக்கமாகவே விழுந்தது. அவள் நடந்தால் நிழல் கரையோரமாக நீண்டு வந்து, படி இறங்கி, தொட்டிவரை கூடவே வந்து நின்றது. உச்சி வெயிலில் அவள் தலையில் துணி போட்டு யாரும் பார்த்ததில்லை. மதகுக்காரரின் தங்கை, அதாவது அளவுக்காரியின் நாத்தனார், கரைக்கு நேர் கீழே கீழ்த்தெருவின் முதல் வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். அவள் தினமும் மேலே ஏறி வந்து மரத்தடியில் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள், ஊர்க்கதை பேசினாள், சில நாள் சண்டையும் போட்டாள். "எங்கண்ணன் இருந்தப்போகூட இவ்வளவு நேரம் ஒரு இடத்துல உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டதில்ல அண்ணி" என்பாள். மரம் இருமும். இரண்டு பெண்களும் சிரிப்பார்கள்.

மேலிடத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை ஜீப்பில் சோதனைக்கு ஆள் வரும். உயிரோடு இருந்த காலத்திலேயே மதகுக்காரருக்கு ஜீப் சத்தம் கேட்டால் ஆகாது, மதகு அறைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். மரமான பிறகும் அந்தக் குணம் போகவில்லை. ஜீப் வளைவில் திரும்பும்போதே மரம் மூச்சை அடக்கிக்கொண்டு, கிளைகளை ஒடுக்கி, புல்லோடு புல்லாகப் படுத்துக்கொள்ளும். பழைய இன்ஜினியர் அதன்மேலேயே நடந்து போயிருக்கிறார். புல் நல்லா வந்திருக்கு என்று எழுதிவிட்டும் போயிருக்கிறார். அளவுக்காரி அப்போதெல்லாம் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். செய்வது தப்பு என்று தெரியாதவளா அவள்? தெரியும். ஆனால் காலையில் கரை ஏறும்போது அந்த இருமலைக் கேட்காவிட்டால் அந்த நாளை அவளால் தொடங்க முடியவில்லை. அதுதான் உண்மை.

ஏழாவது வருஷம், மழைக்காலத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை, மலையில் பெய்த திடீர் மழையில் மட்டம் பதினான்கு அடிக்கு ஏறியது. மறுநாள் காலை அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தபோது தண்ணீர் பால் குறைந்த டீயின் நிறத்தில் இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். அதே நிறம். பாட்டிலைக் கழுவிப் பிடித்தாள். அதே நிறம்தான். வெகுநேரம் தொட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மரத்தின் நிழல் இறங்கி வந்து அவள் தோளில் விழுந்தது. பிறகு மேலே போய்ப் பதிவேட்டைத் திறந்து, கசிவு தெளிவு என்று எழுதினாள். வேலைக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் கலங்கல். நாத்தனாரிடம் மட்டும் பாட்டிலைக் காட்டினாள். அவள் அதைப் பார்க்கவே மறுத்தாள். "அதெல்லாம் மழைத் தண்ணி அண்ணி, ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும். யார்கிட்டயும் வாயைத் திறந்துடாதீங்க. சொன்னா வெட்டிடுவாங்க. எங்கண்ணனை ரெண்டாவது தடவை சாகக் குடுக்க என்னால முடியாது" என்று மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றும் தெளிவு என்று பதிவாயிற்று.

திங்கட்கிழமை மதியம் கீழ்த்தெரு முழுக்க ஒரே கனவைக் கண்டது. இந்தத் தடவை மீன் இல்லை, மிதக்கிற சைக்கிள் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து சேறு பொங்கி, தலையணையை மூடி, காதுவரைக்கும் வந்தது. கனவில் எல்லோரும் மதகுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் தொலைவில் எங்கேயோ இருமிக்கொண்டே இருந்தார், வரவில்லை. நாத்தனார் அலறிக்கொண்டு எழுந்து தலையை வாரினாள். சீப்பில் செம்மண் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தலையிலும் செம்மண். சவரக்கடையில் நாற்காலியிலேயே தூங்கிப்போன இரண்டு பேரின் காதுக்குள் செம்மண். அவள் அந்தச் சீப்பை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கரை ஏறினாள். அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி சீப்பின் பல்லிலிருந்த மண்ணை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

அளவுக்காரி மரத்தின் முன்னால் போய் நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. அவர் செத்ததற்கே வராத கோபம் அது. "உங்களுக்குத் தெரியாத சட்டமா? எத்தனை முளையைப் பிடுங்கியிருப்பீங்க நீங்க? போயும் போயும் இங்கதானா வந்து உட்காரணும்? அந்தப் பக்கம் எவ்வளவு மேடு கிடக்கு! உங்க தங்கச்சி வீடு கீழதான் இருக்கு, தெரியுமா தெரியாதா?" என்று கத்தினாள். கத்திவிட்டு, "நான்தான் அன்னைக்கே பிடுங்கியிருக்கணும். சுண்டுவிரல் அளவுதான் இருந்தீங்க. எனக்கு மனசு வரல" என்று அடங்கிப்போய்ச் சொன்னாள். மரம் இருமவில்லை. காற்றே இல்லாத அந்த மதியத்தில் அது தன் இலைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் உதிர்த்தது. இலைகள் அவள் தலையிலும் தோளிலும் விழுந்தன, விழுந்துகொண்டே இருந்தன, அவள் கணுக்கால்வரை மூடின. ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவள்மேல் வெயில் பட்டது. அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. உயிரோடு இருந்தபோதும் சண்டையில் தோற்றால் வாயால் சொல்ல மாட்டார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

மேலிடத்துக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். அன்று மாலையே புது இன்ஜினியர் வந்தாள். வயது முப்பதுகூட இருக்காது, ஆனால் ஆள் கெட்டி. மரம் இந்த முறை குனியவில்லை.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"ஏழு."

"ஏன் ரிப்போர்ட் பண்ணலம்மா?"

"அது எங்க வீட்டுக்காரர்."

இன்ஜினியர் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மரம் மரியாதையாக ஒரு முறை செருமியது. அவள் தலையை ஆட்டிவிட்டு டேப்பை எடுத்து அடிமரத்தின் சுற்றளவை அளந்தாள்.

மதகைத் திறந்து, ஆறு தாங்கும் அளவுக்கு விட்டு, மூன்று நாளில் மட்டத்தை எட்டடிக்கு இறக்கினார்கள். கசிவு வாயைச் சுற்றி மணலும் ஜல்லியும் கொட்டினார்கள், தண்ணீர் போகட்டும், மண் தங்கட்டும் என்று. அதன்பிறகுதான் மரத்தில் கை வைத்தார்கள். முதல் கடப்பாரையை நாத்தனார் போட்டாள். வேரோடு எடுக்க வேண்டும், ஒரு துண்டுகூட உள்ளே விடக்கூடாது என்பதால் வேர் போன வழியெல்லாம் தோண்டினார்கள். ஒன்பது அடி ஆழம் போனது பள்ளம். கடைசி வேர் நாற்பத்திரண்டு அடி நீளம் இருந்தது, நுனி ஐந்தாகப் பிரிந்து தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டின மாதிரி இருந்தது. அடிமரத்தைக் கயிறு கட்டி இறக்கி அடிவாரத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். அளவுக்காரி தன் பழைய சேலை ஒன்றை எடுத்து வந்து அதன்மேல் போர்த்தினாள்.

பள்ளத்தைச் சும்மா மண்ணைத் தள்ளி மூட முடியாது. களிமண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இரண்டு லாரி களிமண் வந்தது. நான்கடி நிரம்பியது. மூன்றாவது லாரி வருவதற்குள் மழை வந்தது. லாரி வளைவில் சேற்றில் இறங்கிவிட்டது. கரையில் இன்னும் ஐந்தடிக்கு வெறும் வாய். அந்த வாயின் அடிமட்டம் பதினேழு அடி. நிறைந்தால் வழிந்தோட அணையின் ஓரத்தில் கல்லால் கட்டிவிட்ட கலிங்கு பதினெட்டு அடியில் இருந்தது. அதாவது, தண்ணீர் கலிங்கைத் தொடுவதற்கு ஒரு அடி முன்னாலேயே இந்தப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். கல்மேல் வழிகிற தண்ணீர் வழிந்துவிட்டுப் போகும். மண்மேல் வழிகிற தண்ணீர் அறுக்கும். ஒரு மணி நேரத்தில் கரையையும், அடுத்த கால் மணியில் கீழ்த்தெருவையும்.

காலையில் பத்தடி. பதினோரு மணிக்குப் பன்னிரண்டரை. இன்ஜினியர் கீழ்த்தெருவை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினாள். நாத்தனார் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனாள், வேறு எதையும் எடுக்கவில்லை. பதினைந்து. சுற்றியிருந்த மண்ணெல்லாம் குழம்பாகி, வெட்டிப் போட்டால் கூழாக வழிந்தது. கையிலிருந்த மணல் மூட்டைகள் ஓரத்துக்கே போதவில்லை. அளவுக்காரியும் இன்ஜினியரும் மதகு அறையில் நின்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்குமேல் திறந்தால் ஆறே ஊருக்குள் போகும், மூடினால் மட்டம் ஏறும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினாறரை அடியில் மழை வெள்ளைச் சுவராக இறங்கியது. தன் கையே தனக்குத் தெரியவில்லை என்று இன்ஜினியர் பிறகு சொன்னாள். "என்னாலதான் எல்லாம்" என்று அளவுக்காரி சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்ஜினியர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தொம், தொம் என்று, அவசரமில்லாமல், ஈரக் களிமண்ணில் திமிசு விழுகிற சத்தம். நடுநடுவே ஒரு சின்ன இருமல், ஒரு நீள இருமல், ஒரு செருமல். அளவுக்காரி கதவைத் திறந்து வெளியே போகவில்லை. வேலை செய்கிறபோது யாராவது வந்து பேசினால் அவருக்குப் பிடிக்காது.

அந்த நேரத்தில் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் வகுப்பறைத் தரைகளில் கிடந்த அத்தனை பேரும் தூங்கிப் போயிருந்தார்கள். குழந்தைகள்கூட அழவில்லை. எல்லோருக்கும் கனவு வந்தது. தண்ணீர் தெளிவாக, பச்சையாக, மிக உயரத்தில் அசையாமல் நின்றது, அதன் ஓரத்தில் ஒருவர் குனிந்து ஏதோ இடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மழை மெலிந்தது. பள்ளம் நிரம்பியிருந்தது. அரை அடி அரை அடியாக, பத்து அடுக்கு, விளிம்போடு விளிம்பு சமமாக. மேல் மண்ணில் போகவும் வரவுமாகக் கால் தடங்கள். வலது காலில் ஐந்து விரல், இடது காலில் நான்கு. இன்ஜினியர் ஒரு கம்பியை எடுத்துக் குத்திப் பார்த்தாள், கம்பி இறங்கவில்லை. அடிவாரத்தில் எட்டிப் பார்த்தபோது மரம் கிடந்த இடத்தில் சேலை மட்டும் நனைந்து தட்டையாகக் கிடந்தது. அதன் அடியில் ஒரு குச்சிகூட இல்லை. பள்ளம் நிரப்பப்பட்டது, வேலை திருப்தி, ஆள் ஒருவர் என்று இன்ஜினியர் தன் கையாலேயே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தண்ணீர் பதினெட்டைத் தொட்டது. கலிங்கில் வழிந்தது. பல வருஷங்களாக ஒரு சொட்டுப் பார்க்காத கலிங்கில் விழுந்த தண்ணீர், பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருந்த வாய்க்கால் வழியாக ஆற்றைப் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதரை அடியில் மட்டம் நின்று, யோசித்து, இறங்கியது. கீழ்த்தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஒரு பகல் இருந்துவிட்டுப் போனது. மறுநாள் அளவுக்காரி தொட்டியில் பாட்டிலைப் பிடித்து வெயிலுக்குத் தூக்கினாள். பாட்டிலுக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவளுக்குப் பக்கத்தில் நிழல் இல்லை.

பொய் எழுதியதற்காக மேலிடத்திலிருந்து அவளுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அவள் அதை மதகு அறையில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவைத்தாள். சவரக்கடைக்காரர் காலிப் பானை என்று சொல்வதை நிறுத்திவிட்டார். நாத்தனார் கரைக்கு ஏறி வருவதை நிறுத்தவில்லை, ஆனால் வெயிலுக்கு ஒரு குடை கொண்டுவந்தாள்.

இப்போதும் ஒவ்வொரு வருஷமும் அதே வாரம், அதே இடத்தில், புல்லுக்கு நடுவில் ஒரு முளை வருகிறது. சுண்டுவிரல் உயரம், இரண்டே இலை. அது இருமுகிறது. அளவுக்காரி இரண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்காருகிறாள். தங்கச்சி புது மிஷின் வாங்கினது, எலி வளை மூன்று அடைத்தது, தனக்கு மூட்டுவலி வந்தது என்று வருஷத்து நடப்பை எல்லாம் சொல்கிறாள். இரண்டு டீயையும் அவளே குடிக்கிறாள், அவருடையதை ஆறவைத்து மெதுவாக. அதன் பிறகு, "சரிங்க, நேரமாச்சு" என்று சொல்லி, நுனி வேர்கூட அறாமல் இரண்டு விரலால் பிடித்துப் பிடுங்குகிறாள். அவரும் முரண்டு பிடிப்பதில்லை, லேசாக வந்துவிடுகிறார். குதிகாலால் அந்த இடத்தை மிதித்து இறுக்கிவிட்டு, அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறக்கிறாள். நீர்மட்டம் ஆறு அடி. கசிவு தெளிவு. முளை ஒன்று, பிடுங்கப்பட்டது.